பின்பக்கம், ஆறாவது பத்தி

ஆஷ்டபியூலாவில் பனி மேலிருந்து விழுவதில்லை,
ஏரியிலிருந்து பக்கவாட்டில் வரும்.
கதவு திறக்கும்போதெல்லாம்
நான்காம் கவுண்டர்வரை வந்து
என் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போகும்.

பத்தே முக்காலுக்கு டெல்ஃபீன் ஹார்ப்ஸ்டர் வந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
உணவு உதவி அட்டையைக்
கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.
"முடிஞ்சுபோச்சாமே. வச்சுக்கங்க."

இரவல் வாங்கிய பாத்திரத்தைக்
கழுவித் துடைத்துக் கொடுப்பதுபோல்
கொடுத்தாள்.

அட்டையை நாங்கள் திரும்ப வாங்குவதில்லை என்றேன்.
"அப்ப இது எதுக்கு?"
எட்டாய் மடித்த கடிதம்.

வரம்பைத் தாண்டியது நாற்பத்தோரு டாலர்.
டிசம்பரில் ஒரு டிரைவர் இடுப்பொடிந்து படுத்திருக்கிறான்,
அவன் தடத்தையும் இவளே ஓட்டியிருக்கிறாள்.
இரண்டு வாரம், அவ்வளவுதான்.
அந்த இரண்டு வாரத்தை இழுத்து
வருஷம் முழுக்கப் போர்த்திவிட்டது கணினி.

"நான் என்ன செய்யணும்?"

ஆளுக்கு ஆறு நிமிடம் என்று
என் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
வாங்கி வைப்பது நம் வேலை,
வழி சொல்வது நம் வேலையில்லை என்பார் ராட்கே.
நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே ஒருவர்.

எனக்கும் ஒருமுறை வந்தது இந்தக் கடிதம்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் நின்ற காலத்தில்.
பிரிக்காமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன்.
பிரிக்காத கடிதம் இன்னும் நடக்காத காரியம் என்று
மனசு ஒரு கணக்குப் போட்டது.
பதினெட்டாம் நாள் பிரித்தேன்.
கெடு பதினைந்து நாள்.
அந்த மூன்று நாளுக்கு
ஒரு குளிர்காலம் முழுக்க ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்.
வளர்ந்துவிட்டான் மகன்,
இன்றைக்கும் அந்த வாசனை வந்தால்
மேசையைவிட்டு எழுந்து போகிறான்.

கடிதத்தைத் திருப்பினேன்.
எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து.
ஆறாவது பத்தியின் மேல்
பேனாவைக் குறுக்கே வைத்தேன்.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துவிட்டது என்று
மேசைக்கடியில் குனிந்தேன்.
தீரவில்லை.

குனிந்தபடி கேட்டேன், அவள் முணுமுணுத்துப் படிப்பதை.
முடிவு தவறெனக் கருதினால் விசாரணை கோரலாம்...
பதினைந்து நாட்களுக்குள் கோரினால்
தீர்ப்பு வரும்வரை உதவி...
அங்கே குரல் நின்றது.
மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

நிமிர்ந்தேன். "இன்னைக்கு வியாழன்."
"தெரியும்."
"கடிதத்துல தேதி பாருங்க. இன்னைக்குப் பதினாலாவது நாள்.
நாளைக்குப் பனிக்காகப் பூட்டினாலும் பூட்டுவாங்க."

"தோத்துட்டா?"
"இடையில வாங்கினதைத் திருப்பிக் கேப்பாங்க."
அதையும் சொன்னேன்.
நம்பிக்கையை விற்றுத் தர எனக்குச் சம்பளமில்லை.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவள் அவசரப்படவில்லை.
தண்டவாளத்தின் முன் பேருந்தை நிறுத்தி
இருபுறமும் பார்க்கிறவளின் நிதானம்.
பிறகு, தன் பேருந்துத் தட வரைபடத்தின் முதுகில் எழுதினாள்:
தயவுசெய்து எனக்கு விசாரணை வேண்டும்.
கொஞ்சம் பார்த்தாள்.
தயவுசெய்து என்பதை அடித்தாள்.

முத்திரை குத்தினேன்.
நகலெடுத்து அதிலும் குத்தினேன், தேதி தெளிவாய்த் தெரிய.
"சம்பளச் சீட்டு, ஜனவரியோடது, தேடி எடுத்து வைங்க.
இந்த நகலைத் தொலைச்சிடாதீங்க.
எங்ககிட்ட இருக்கிறது தொலையும்."

அட்டையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?
இரண்டரைக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று
கையுறையை மாட்டிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் ராட்கே ஒரு தாள் கொண்டுவருவார்.
என் பெயருக்கு நேரே பதினேழு நிமிடம் என்றிருக்கும்.

அடுத்த எண் அறுபத்திரண்டு.
மீன்கிடங்கு வாசனையோடு ஒருவர்.
கையில் அதே உறை, ஓரம்கூடக் கிழியாமல்.
"உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்றார்.

கண்ணாடிக்கு அடியில்
என் கத்தரிக்கோலைத் தள்ளினேன்,
கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி.